காணாமப் போன எக்ஸ்ரே நட்சத்திரங்களைத் தேடி ரெண்டு மாசம்

மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன், ஏன்னா யார்கிட்ட பேசுனாலும் இதைத்தான் கேக்கறாங்க. ஏற்காட்டுல டெலஸ்கோப் வெச்சு எக்ஸ்ரே பாக்க முடியுமா? முடியாது. சேர்வராயன் கோயில் உச்சில நின்னாலும் முடியாது, எவரெஸ்ட்ல ஏறி நின்னாலும் முடியாது. வானத்துல இருந்து வர்ற எக்ஸ்ரே மொத்தத்தையும் காத்து மண்டலமே முழுங்கிடும், அதனாலதான் நாம உயிரோட இருக்கோம். 1962 ஜூன்ல ஜியாகோனிங்கற விஞ்ஞானியோட குழு நிலாவுல இருந்து எக்ஸ்ரே வருதான்னு பாக்க ஒரு ராக்கெட் விட்டாங்க, அது காத்துக்கு மேல ஆறு நிமிஷம் கூட முழுசா இல்ல, ஆனா அந்த நேரத்துல நிலாவை விட்டுட்டு விருச்சிகம் பக்கம் ஒன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. அதான் ஸ்கோ எக்ஸ்-1. அந்த மாதிரி வேலைக்கு அவருக்கு 2002ல நோபல் குடுத்தாங்க.

அப்ப நான் என்ன பண்ணேன்னா, சேட்டிலைட்டுங்க எடுத்து வெச்சிருக்கற பழைய டேட்டாவை சேலத்துல மொட்டை மாடி ரூம்ல உக்காந்து சல்லடை போட்டேன். 8 ஜிபி ரேம் லேப்டாப், பழைய யூபிஎஸ், பெரிய பட்டியல்களை ஒப்பிட்டுப் பாக்கற டாப்கேட் சாஃப்ட்வேர், பைத்தான். எல்லாம் ஓசி, டேட்டாவும் ஓசி. தேடுனது ஒரே விஷயம், ஒரு தடவை பாத்தப்ப இருந்ததை விட இன்னொரு தடவை பத்து மடங்கோ அதுக்கு மேலயோ ஏறி இறங்குன எக்ஸ்ரே மூலம், அதாவது வானத்துல எக்ஸ்ரே அனுப்பற பொருள், ஏதாவது கெடைக்குதான்னு.

இந்த ஆசை வந்ததுக்கு காரணம் ரெண்டு. ஒன்னு எச்எல்எக்ஸ்-1, சுமார் 29 கோடி ஒளியாண்டு தள்ளி ஒரு கேலக்ஸில இருக்கு, நடுத்தர எடை கருந்துளைக்கு இன்னிக்கும் நல்ல உதாரணம்னு அதைத்தான் சொல்றாங்க, அது எக்ஸ்எம்எம்-நியூட்டன்ங்கற எக்ஸ்ரே சேட்டிலைட்டோட கேட்டலாக்கை மேஞ்சப்பதான் சிக்குச்சு. இன்னொன்னு ஜிஎஸ்என் 069ங்கற கேலக்ஸி, 2018 டிசம்பர் 24 அன்னிக்கு எடுத்த டேட்டால சுமார் 9 மணி நேரத்துக்கு ஒரு தடவை வெடிச்சு வெடிச்சு அடங்கறது தெரிஞ்சுது. டேட்டா எல்லாருக்கும் தொறந்து கெடக்கறப்ப நாமளும் கிண்டிப் பாக்கலாமேன்னு தோணுச்சு, அவ்ளோதான், பெரிய லட்சியமெல்லாம் இல்ல.

சரி, மொத வாரம். நேரா கேட்டலாக்ல குதிக்காம கை பழகறதுக்கு மேக்ஸி டேட்டால ஆரம்பிச்சேன். மேக்ஸி 2009ல இருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துல மாட்டியிருக்கற ஜப்பான் கருவி, நிலையம் பூமியை ஒரு சுத்து சுத்தற 92 நிமிஷத்துல கிட்டத்தட்ட மொத்த வானத்தையும் ஒரு தடவை வழிச்சு எடுத்துரும். ஒவ்வொரு மூலத்துக்கும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலா தேதியும் பிரகாசமும் குடுத்துருக்காங்க, நோட்பேட்ல கூட தொறக்கலாம். கோடு சரியா ஓடுதான்னு பாக்க மொதல்ல வெலா எக்ஸ்-1 எடுத்தேன். அங்க ஒரு நியூட்ரான் நட்சத்திரம் (வெடிச்சுப் போன பெரிய நட்சத்திரத்தோட இறுகுன மிச்சம்) ஒரு பெரிய நீல நட்சத்திரத்தை 8.96 நாளைக்கு ஒரு சுத்து சுத்துது, ஒவ்வொரு சுத்துலயும் கிட்டத்தட்ட ரெண்டு நாள் அதுக்குப் பின்னாடி போய் மறைஞ்சுக்கும். டேட்டா நடுநடுவுல விட்டுப்போயிருக்கும் இல்லையா, அப்படிப்பட்ட டேட்டாலயும் எத்தனை நாளுக்கு ஒரு தடவை திரும்ப வருதுன்னு கண்டுபுடிக்கற லாம்ப்-ஸ்கார்கில் முறைல போட்டா 8.96ல கம்பு நட்ட மாதிரி ஒரு சிகரம் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரலை, தெரிஞ்ச விஷயத்தை திரும்பக் கண்டுபுடிச்சதுக்கே இவ்ளோ சந்தோஷம்னா பாத்துக்கோங்க.

மூணு நாள் கழிச்சு மங்கலான நாலஞ்சு மூலங்களைப் போட்டுப் பாத்தா ஒன்னுல 72 நாளுக்கு ஒரு சிகரம். புத்தகத்துல இல்ல, எந்த பட்டியல்லயும் இல்ல. கைகால் ஓடலை. அடுத்ததைப் போட்டேன், அதுலயும் 72 பக்கத்துல ஒரு மேடு. அதுக்கு அடுத்ததுலயும். அப்பதான் வயித்துல புளி கரைச்சுது, வானத்துல ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாத மூலங்க எல்லாம் ஒரே தாளத்துல ஆடுதுன்னா ஆடறது அதுங்க இல்ல, மேடை. விண்வெளி நிலையத்தோட சுத்துப்பாதைத் தளம் ஒரு நாளைக்கு சுமார் 5 டிகிரி திரும்பிக்கிட்டே இருக்கும், 360ஐ 5ஆல வகுத்தா 72. பாதை திரும்பத் திரும்ப மேக்ஸி ஒரு மூலத்தை பாக்கற கோணம், பின்னணி இரைச்சல் எல்லாம் மாறுது, மங்கலான மூலத்துல அந்த தாளம் ஒட்டிக்கிது. அதே மூலங்களை ஸ்விஃப்ட் சேட்டிலைட்டோட பேட் கருவி டேட்டால போட்டுப் பாத்தா 72 இருந்த எடமே இல்ல. இவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் நம்பணும்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

இனி நெஜ வேலை. ரெண்டு பெரிய பட்டியல். ஒன்னு எக்ஸ்எம்எம்-நியூட்டன் கேட்டலாக், 1999 டிசம்பர்ல மேல போன சேட்டிலைட், அது எதையாவது குறிப்பா பாக்கறப்ப அதே படத்துல ஓரம்சாரம் விழுந்த எல்லா மூலத்தையும் சேத்து 6 லட்சத்துக்கு மேல பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. இன்னொன்னு ஈரோசிட்டாங்கற எக்ஸ்ரே டெலஸ்கோப்போடது, 2019 ஜூலைல பைக்கனூர்ல இருந்து போச்சு, ஆறு மாசத்துல மொத்த வானத்தையும் ஒரு தடவை வருடி எடுத்தது, அதுல 2024 ஜனவரி 31 அன்னிக்கு வெளிய விட்ட பட்டியல்ல கிட்டத்தட்ட 9 லட்சம் மூலம். எக்ஸ்எம்எம் குழாய்ல பாக்கற மாதிரி, ஆழமா பாக்கும், ஆனா இத்தனை வருஷத்துலயும் மொத்த வானத்துல சுமார் நூத்துல மூணு பங்குதான் பாத்திருக்கு. ஈரோசிட்டா கழுத்தைத் திருப்பிக்கிட்டே போற மாதிரி, நாலு மணி நேரத்துக்கு ஒரு சுத்து, ஒரு சுத்துல ஒரு எடத்தை அதிகபட்சம் 40 வினாடிதான் பாத்துச்சு.

ரெண்டையும் 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு) வட்டத்துல மேட்ச் பண்ணேன். எக்ஸ்எம்எம்ல இருந்து ஈரோசிட்டால இல்லாதது எத்தனைன்னு பாத்தா, ஆறு லட்சத்தை ஒட்டி வந்து நிக்குது. அப்ப இந்த இருவது வருஷத்துல வானமே காலியாயிருச்சா? டீ போட்டுக் குடிச்சுட்டு யோசிச்சேன். மொத தப்பு படு மட்டமான தப்பு, ஈரோசிட்டா டேட்டால வெளிய விட்டது பாதி வானம் மட்டும்தான், நம்ம கேலக்ஸியை வெச்சு வானத்துக்குப் போட்ட தீர்க்கரேகைக் கணக்குல 180 டிகிரில இருந்து 360 வரைக்கும் இருக்கற ஜெர்மன் பங்கு. மீதிப் பாதி ரஷ்யப் பங்கு, அது வெளிய வரலை. நான் அந்தப் பாதில இருக்கற மூலத்தை எல்லாம் காணோம் காணோம்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். பக்கத்து தெருவுக்கே போகாம அங்க யாரும் இல்லன்னு சொன்ன கதை.

அதை வெட்டுனேன், பாதி போச்சு. இன்னும் மூணு லட்சம் பக்கம் காணோம். இங்கதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கிட்டேன், வெளிய எடுத்தது செவ்வாய்ப்பேட்டைல எங்க பெரியப்பா.

அவர் கொலுசுப் பட்டறை வெச்சிருக்கார். ஒரு நாள் சாயந்திரம் சும்மா போயிருந்தேன், வேலை முடிஞ்சு தரையைக் கூட்டி, ராவுன தூளை ஒரு பித்தளைத் தட்டுல தட்டி எலக்ட்ரானிக் தராசுல வெச்சார். 0.00னு காட்டுச்சு. அவர் பாட்டுக்கு அதை ஒரு டப்பால கொட்டி மூடினார்.

"என்னங்க பெரியப்பா, ஒன்னுமே காட்டலையே, அதைப் போயி எதுக்கு பத்திரப்படுத்தறீங்க"ன்னு கேட்டேன்.

"ஏண்டா, தராசு காட்டலன்னா வெள்ளி இல்லன்னு ஆயிருமா? இந்த தராசு 10 மில்லிகிராமுக்கு கீழ காட்டாது, அவ்ளோதான். ஒரு மாசத்துத் தூளை சேத்து உருக்கிப் பாரு, எவ்ளோ வருதுன்னு தெரியும்."

எனக்கு அங்கேயே பொறி தட்டுச்சு. ஈரோசிட்டா காட்டலன்னா மூலம் அணைஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த எடத்துல அதோட தராசு எவ்வளவுக்கு கீழ காட்டாதுன்னு மொதல்ல தெரியணும். இதுக்குப் பேரு உச்சவரம்பு. அதாவது, இங்க ஏதாவது இருந்திருந்தா இவ்வளவுக்கு மேல இருந்திருக்காது, அதுக்கு கீழ எவ்வளவு வேணா இருந்திருக்கலாம்னு சொல்றது. ஈரோசிட்டா மொத்த வானத்தையும் மொத தடவை வருடுனப்ப சராசரியா சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு 5×10⁻¹⁴ எர்க் (எர்க்ங்கறது ஆற்றலை அளக்கற ஒரு அலகு) அளவுக்கு கீழ போனா தெரியாது, எக்ஸ்எம்எம் அதுக்கு பத்து மடங்கு கீழ சர்வசாதாரணமா பாக்கும். அப்ப நான் வெச்சிருந்த மூணு லட்சத்துல பெரும்பாலானது காணாமப் போகவே இல்ல, ஈரோசிட்டா தராசுல ஏறவே இல்ல. நல்ல வேளை, அந்தப் பட்டியலோட சேத்து எந்த எடத்துக்கு என்ன உச்சவரம்புன்னு பாத்துக்கற வசதியும் குடுத்திருக்காங்க. வானத்துல எல்லா எடத்துலயும் இந்த வரம்பு ஒன்னா இருக்காது, சூரியப்பாதையோட துருவங்கள் பக்கம் ஈரோசிட்டா திரும்பத் திரும்ப போனதால அங்க தராசு ரொம்ப நுணுக்கம், நடுவுல அவ்ளோ இல்ல. பெரியப்பா சொன்ன ஒரு மாசத் தூள் கணக்கும் நெஜம்தான், ஒரே எடத்தோட படங்களை ஒன்னு மேல ஒன்னா அடுக்குனா மங்கலானது மேல வரும், ஆனா அடுக்குனா எப்ப வெள்ளி விழுந்துச்சுன்னு தெரியாது, எனக்கு வேண்டியதே அந்த 'எப்ப'தான்.

அதனால விதியை மாத்துனேன். எக்ஸ்எம்எம்ல இருந்த பிரகாசம், அந்த எடத்தோட ஈரோசிட்டா உச்சவரம்பை விட பத்து மடங்காவது இருக்கணும், அப்பதான் மாறியிருக்குன்னு ஒத்துப்பேன். ஓட்டிட்டு கரண்ட் போச்சு, யூபிஎஸ் நாலு நிமிஷத்துல கைவிட்டுருச்சு, திரும்ப ஓட்டுனேன், மூணு லட்சம் சில நூறா சுருங்கிச்சு.

ஆனா இதுலயும் ஒரு குண்டு இருந்துச்சு, அதை நானேதான் வெச்சிருந்தேன். எக்ஸ்எம்எம் பக்கம் நான் எடுத்தது மொத்த அலைவரிசைக் கணக்கு, 0.2ல இருந்து 12 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (எக்ஸ்ரேயோட ஆற்றலை சொல்ற அலகு) வரைக்கும். ஈரோசிட்டா பிரதான பட்டியல் 0.2ல இருந்து 2.3 வரைக்கும். ஒன்னு முழு சாப்பாடு, இன்னொன்னு வெறும் ரசம், ரெண்டையும் நிறுத்துப் பாத்து குறைஞ்சிருச்சுன்னா என்ன அர்த்தம்? அதுவும் தூசு மறைச்ச மூலங்கள்ல ஆற்றல் கம்மியான மென்மையான எக்ஸ்ரே எல்லாம் வழிலயே முழுங்கப்பட்டு ஆற்றல் அதிகமான கடினமானது மட்டும் வரும், அதுங்கள்லாம் ஆடாம அசையாம இருந்தாக்கூட என் பட்டியல்ல பத்து மடங்கு விழுந்ததா ஏறி உக்காந்திருக்கு. எக்ஸ்எம்எம் ஆளுங்க ஆற்றலைப் பட்டை பட்டையா பிரிச்சு வெச்சிருக்காங்க, அதுல மொதல் மூணு பட்டையை மட்டும் கூட்டுனா 0.2ல இருந்து 2 வரைக்கும் வரும், கிட்டத்தட்ட சமம், அதை வெச்சு திரும்ப ஓட்டுனேன். எண்ணிக்கையை எர்க்கா மாத்தறதுக்கு ரெண்டு பேரும் வெச்சிருக்கற ஊகமும் கொஞ்சம் வேற, ஆற்றல் ஏற ஏற எக்ஸ்ரே எவ்ளோ வேகமா குறையுதுங்கற சரிவு எக்ஸ்எம்எம்ல 1.7, ஈரோசிட்டால 2.0. அதனால வர்ற வித்தியாசம் பத்து மடங்குக்கு முன்னாடி தூசு, விட்டுட்டேன். ரெண்டு மடங்கு மாறுனதைத் தேடறவங்க இதை விடக்கூடாது.

அதுக்கப்பறம் களையெடுப்பு. கேலக்ஸிக் கொத்துங்க பரந்து விரிஞ்சு இருக்கும், அதுங்களை தூக்கினேன், ஏன்னா அவ்ளோ பெரிய வாயு மேகம் இருவது வருஷத்துல மாறாது, மாறுனதா காட்டுனா அளந்ததுதான் தப்பு. எக்ஸ்எம்எம் ஆளுங்களே சந்தேகம்னு கொடி போட்டதை தூக்கினேன். மிச்சம் 47. இதை ஒவ்வொன்னா கண்ணால பாத்தேன், ஒன்னுக்கு அரை மணி நேரம், சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து.

இந்த 47ல கத்துக்கிட்டதுதான் அதிகம். நெறைய எண்ணிக்கை புரோட்டான் வேலை. எக்ஸ்எம்எம் சுத்துப்பாதை நீளமானது, சுமார் 48 மணி நேரத்துக்கு ஒரு சுத்து, அதுல போறப்ப மெதுவான புரோட்டான் கூட்டம் கண்ணாடி வழியா உள்ள வந்து டிடெக்டர்ல கொட்டும். மூலத்தோட வரைபடத்தைப் பாத்தா திடீர்னு எகிறியிருக்கும், ஆஹான்னு இருக்கும், பக்கத்துல காலி எடத்தோட வரைபடத்தைப் பாத்தா அதுவும் அதே நிமிஷத்துல அதே மாதிரி எகிறியிருக்கும். மழை எல்லாத்து மேலயும்தான் பெஞ்சிருக்கு. ரெண்டு மூலம் வெறும் கண்ணுக்கே தெரியற அளவு பிரகாசமான நட்சத்திரத்து மேல இருந்துச்சு, அதுங்களோட சாதாரண வெளிச்சமே கேமரா சிப்பான சிசிடில சேந்து எக்ஸ்ரே மாதிரி எண்ணிக்கை காட்டும், அதைத் தடுக்க வடிகட்டி போடுவாங்க, மெல்லிசு வடிகட்டியா தடிச்சதாங்கறதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். இன்னும் சிலது எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை, ஈரோசிட்டா பார்வை கொஞ்சம் மங்கல், எக்ஸ்எம்எம்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டா தெரியறது அங்க ஒன்னா ஒட்டி நடுவுல எங்கயோ ஒரு புள்ளியா நிக்கும், என் 15 ஆர்க்செகண்ட் வட்டத்துக்கு வெளிய தப்பிச்சிருக்கும்.

எல்லாம் கழிச்சு 9.

நடுவுல ஒரு ராத்திரி மலைக்குப் போனேன், கோடை விழா கூட்டம் வடிஞ்ச வாரம். டேட்டாவையே பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு, நெஜ வானத்துல ஏதாவது எக்ஸ்ரே மூலத்தைப் பாக்கணும்னு வெறி. எக்ஸ்ரே தெரியாது சரி, ஆனா ஸ்கோ எக்ஸ்-1 சாதாரண வெளிச்சத்துலயும் இருக்கு, வி818 ஸ்கார்பைனு பேரு, பிரகாச எண் (எண் கூடக் கூட மங்கல்) 12க்கும் 13க்கும் நடுவுல ஆடற நட்சத்திரம், 6 இன்ச் டெலஸ்கோப்புல கேமரா மாட்டுனா சிக்கும். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி, கூட வந்த தம்பி 14வது வளைவுல வாந்தி, டெலஸ்கோப்பு குழாய் அவன் மடில. லேடீஸ் சீட் பக்கம் வேலைக்கு ஆகாது, சேலம் மொத்தமும் கீழ நெருப்புக் கங்கு மாதிரி எரியும். சேர்வராயன் கோயில் பக்கம் நல்லா இருட்டா இருக்கும்னு போனோம். கேட்டை நட்சத்திரத்துல இருந்து வடக்க 10, 11 டிகிரி ஏறி, சார்ட்டை டார்ச்சுல சிவப்புத்தாள் ஒட்டிப் பாத்து, பதினஞ்சு நிமிஷத்துல புடிச்சேன். பாக்கறதுக்கு ஒன்னுமே இல்ல, பக்கத்துல இருக்கற நூறு புள்ளில ஒரு புள்ளி. தம்பி எட்டிப் பாத்துட்டு "இதுக்காண்ணே வந்தோம்"னான். அந்தப் புள்ளி சுமார் 9000 ஒளியாண்டு தள்ளி ஒரு நியூட்ரான் நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தை 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்திக்கிட்டே அதுகிட்ட இருந்து வாயுவை உருவிக்கிட்டு இருக்கறது, சூரியனை விட்டா வானத்துல நிலையா அதிக எக்ஸ்ரே அனுப்பறது அதுதான்னு சொன்னேன், தலையாட்டிட்டு தூங்கப் போயிட்டான்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். ஒன்றரை மணிக்கு மூடுபனி ஏறிடுச்சு, லென்ஸ் வேர்த்துருச்சு. வீட்டுக்கு வந்து அளந்தா வி818 மெல்ல மங்கிக்கிட்டே போன மாதிரி இருந்துச்சு, ஆனா பக்கத்துல ஒப்பிட வெச்சிருந்த நட்சத்திரமும் கூடவே மங்குது, அப்ப அது பனி. ரெண்டையும் கழிச்சா மிச்சம் இருக்கற ஆட்டம் என் கேமரா இரைச்சலை விட கொஞ்சூண்டுதான் அதிகம். மேக்ஸி 72 நாள்ல கத்துக்கிட்ட அதே பாடம் இங்கயும்.

அந்த 9க்கு வர்றேன். சாதாரண வெளிச்சத்துல நட்சத்திரங்களை அளந்த கையா சேட்டிலைட் பட்டியல்ல அஞ்சுக்கு ஜோடி கெடைச்சுது, எல்லாம் கிட்டத்துல இருக்கற சின்ன சிவப்பு நட்சத்திரங்க. இதுங்க சைஸ்ல சின்னதா இருந்தாலும் கோவம் அதிகம், காந்தப்புலம் முறுக்கி அறுந்து திடீர்னு எக்ஸ்ரேல பல மடங்கு எகிறும், ஒன்னு ரெண்டு மணி நேரத்துல அடங்கிரும். எக்ஸ்எம்எம் பாத்த அன்னிக்கு எகிறியிருக்கு, ஈரோசிட்டா 40 வினாடி 40 வினாடியா எட்டிப் பாத்தப்ப தூங்கியிருக்கு. ரெண்டு, கேலக்ஸி நடுவுல இருக்கற கருந்துளை, ஏற்கனவே ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்க. ஒன்னு தெரிஞ்ச எக்ஸ்ரே இரட்டை, அதாவது ஸ்கோ எக்ஸ்-1 மாதிரி ஜோடியா சுத்தறது, சில வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்து படுக்கறது. இந்த எட்டும் எனக்கு தோல்வியா தெரியலை. முன்னாடியே பேரு தெரிஞ்ச ஆளுங்களை என் சல்லடை தானா புடிச்சிருக்குன்னா சல்லடைல பெரிய ஓட்டை இல்லன்னு அர்த்தம்.

மிச்சம் ஒன்னு. கையா பட்டியல்ல ஜோடி இல்ல. எக்ஸ்எம்எம் அந்த எடத்தை ஒரே தடவைதான் பாத்திருக்கு, அப்ப இருந்துச்சு, படத்துல ஓரத்துல. பழைய ரோசாட் எக்ஸ்ரே சேட்டிலைட் 1990ல மொத்த வானத்தையும் எடுத்தப்ப அங்க எதுவும் இல்ல, ஆனா ரோசாட் தராசு ஈரோசிட்டாவை விட முரட்டுத்தனம், அதனால அந்த 'இல்ல'க்கு மதிப்பு கம்மி. ரெண்டு நாள் நெஞ்சு படபடன்னு இருந்துச்சு, பொய் சொல்லலை. அப்பறம் மூணு பட்டைக் கணக்கை கையால திரும்பக் கூட்டுனேன், மூணாவது பட்டைல ஒரு வரிசை தள்ளிப் படிச்சிருக்கேன். சரி பண்ணா பத்து மடங்கு இல்ல, எட்டு மடங்கு.

நான் வெச்ச விதி பத்து. ஒன்னு புடிக்கறதுக்காக விதியை எட்டுக்கு எறக்குனா அப்ப மத்த பட்டியலையும் எட்டுக்கு எறக்கித் திரும்ப 47ல இருந்து இல்ல, நூத்துக்கணக்குல இருந்து ஆரம்பிக்கணும். அதுதான் இப்ப ஓடிக்கிட்டு இருக்கு. அந்த ஒன்னை தனி ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன், சந்த்ரா எக்ஸ்ரே டெலஸ்கோப் எப்பவாவது அந்தப் பக்கம் திரும்பியிருக்கான்னு பாக்கணும், திரும்பியிருந்தா எவ்ளோ நேரம் பாத்துச்சுன்னும் பாக்கணும். அதுக்கு முன்னாடி யூபிஎஸ்க்கு பேட்டரி மாத்தணும், நேத்தும் நாலு நிமிஷம்தான் தாங்குச்சு.